ஹைடல்பெர்கா, சங்க்ட் கோவாரா, பெர்ன்காஸ்டலா? ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரையும் பாழ்க்கோட்டையையும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்திறங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர், அதற்கு மேலே மலையில் இடிந்த கோட்டை, அப்படி ஓர் இடத்துக்குப் போய்வர முடியுமா? முடியும். ரைன், மோசல், நெக்கர், மைன் என்று எந்த ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு போனாலும் அப்படி ஓர் ஊர் வந்துவிடும். எதற்குப் போவது என்று முடிவெடுப்பதுதான் கடினம். பெயர் தெரிந்த ஊர் என்பதால் பெரும்பாலோர் யோசிக்காமல் ஹைடல்பெர்க் என்று சொல்லிவிடுகிறார்கள். அது நல்ல ஊர்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்காவது வேறு ஊர் பொருத்தமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு தங்க முடியுமானால் ரைன் கரைக்குப் போங்கள்: கோட்டைக்குச் சங்க்ட் கோவார், தூக்கத்துக்குப் பாஹராஹ். காலையில் போய் மாலையில் திரும்பியே ஆகவேண்டும் என்றால் ஹைடல்பெர்க். இரண்டு இரவுகள் கைவசம் இருந்து, கூட்டத்தைக் கண்டாலே களைப்பாகிறவர் நீங்கள் என்றால் மோசல் கரையில் உள்ள பெர்ன்காஸ்டல்-கூஸ்.

ஊர்களை ஒப்பிடும் முன் ஒரு செய்தி தெரிந்திருப்பது நல்லது. இந்தப் பகுதியில் ஏன் இத்தனை கோட்டைகள் இடிந்து கிடக்கின்றன? அவற்றில் பலவற்றை அழித்தது ஒரே போர். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருடைய தம்பியின் மனைவி, ஹைடல்பெர்க் அரச குடும்பத்தில் பிறந்தவர். லீஸலோட்டே என்று மக்கள் அழைத்த எலிசபெத் சார்லட். அங்கே ஆட்சியிலிருந்த அவருடைய சகோதரர் வாரிசின்றி இறந்ததும், லீஸலோட்டேயின் பெயரைச் சொல்லி லூயி அந்த நாட்டில் பங்கு கேட்டார். 1688 முதல் 1697 வரை நடந்த அந்தப் போரில் பிரெஞ்சுப் படைகள் 1689இல் ஹைடல்பெர்க்கையும், பாஹராஹின் கோட்டையையும், மோசல் கரையில் கோஹெம் கோட்டையையும் தகர்த்தன. தன் பெயரால் தன் பிறந்தகம் எரிவதைப் பிரான்சிலிருந்து பார்க்க நேர்ந்த அந்தப் பெண்ணின் துயரம் அவருடைய கடிதங்களில் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு கோட்டைக்கும் ஒவ்வொரு கதி. சிலவற்றைத் திரும்பக் கட்டினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள், சிலவற்றின் கல்லைப் பெயர்த்து வேறு கட்டடம் எழுப்பினார்கள். எந்த ஊருக்குப் போவது என்பது, அந்தக் கதிகளில் எதை நேரில் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

ஹைடல்பெர்க்கில் தொடங்குவோம். அதன் பெரிய பலம், ஊர் கையருகில் இருப்பது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு குறிப்பு: தலைமை ரயில் நிலையம் பழைய நகரிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கேயே இறங்கி நடக்கத் தொடங்கினால் அழகில்லாத சாலைகளிலேயே அரைமணி போய்விடும். உள்ளூர் ரயிலில் மாறி 'ஆல்ட்ஷ்டாட்' நிலையத்தில் இறங்கினால் பழைய நகரின் கிழக்குக் கோடியில் நிற்பீர்கள்.

கோட்டைக்கு ஏறுவதற்குப் பழனியில் இருப்பதுபோன்ற இழுவை ரயில் இருக்கிறது; 1890இலிருந்து ஓடுகிறது. கோட்டை நுழைவுச் சீட்டிலேயே அதன் கட்டணமும் அடங்கும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் ஹைடல்பெர்க்கைச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். முழங்கால் வலி உள்ளவர் வேறு எந்தக் கோட்டையையும் இவ்வளவு எளிதாகப் பார்த்துவிட முடியாது.

மேலே காத்திருப்பது சிவப்பு மணற்கல்லில் கட்டிய ஒரு பெரும் அரண்மனை வளாகம். பிரெஞ்சுப் படை 1689இல் ஒருமுறையும் 1693இல் மறுமுறையும் தகர்த்த பிறகு, எழுபது ஆண்டுகள் கழித்துக் கார்ல் தியோடர் என்ற அரசர் அங்கே திரும்பக் குடியேற எண்ணினார். 1764இல் மின்னல் தாக்கி எல்லாம் எரிந்தது. அத்தோடு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பிறகு ஊரார் வீடு கட்டக் கல் எடுக்கும் இடமாகிவிட்டது கோட்டை. அதைத் தடுத்து நிறுத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது. சார்ல் த கிரெம்பேர்க் என்ற அந்த ஓவியர் 1810இல் அங்கே வந்தார், கோட்டையிலேயே குடியிருந்தார், யாரும் கேட்காமலேயே காவல்காரர் வேலை பார்த்தார், இடிபாடுகளை வரைந்து அச்சிட்டு உலகுக்குக் காட்டினார். இன்று நாம் அங்கே பார்ப்பது அவர் காத்துக்கொடுத்தது.

முற்றத்தில் நின்று இரண்டு மாளிகைகளை அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்று 1607இல் முடிந்த ஃபிரீட்ரிஷ் மாளிகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பித்தார்கள், கூரையோடு முழுமையாக இருக்கிறது. மற்றொன்று 1556இல் தொடங்கிய ஓட்ஹைன்ரிஷ் மாளிகை. முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது, மேல்மாடி ஜன்னல்கள் வழியே வானம் தெரியும். இதையும் திரும்பக் கட்டிவிட வேண்டும் என்று பெரிய முயற்சி நடந்தது. கியோர்க் டேஹியோ என்ற கலை வரலாற்றறிஞர் 1901இல் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். இருப்பதைக் காப்போம், இல்லாததைக் கற்பனை செய்து கட்டவேண்டாம் என்பது அவர் வாதம். அந்த வாதம் வென்றதால்தான் அந்தச் சுவர் இன்றும் சுவராகவே நிற்கிறது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றி எண்ணிப் பார்த்த எவரும் அந்த முற்றத்தில் பத்து நிமிடம் நிற்கவேண்டும். ஏறக்குறைய 2,20,000 லிட்டர் கொள்ளும் 1751ஆம் ஆண்டு மது மிடாவைக் காணத்தான் எல்லாரும் முண்டியடிக்கிறார்கள்; எனக்கு அதில் ஈடுபாடில்லை. அங்கேயே உள்ள மருந்தக அருங்காட்சியகம் அதைவிட எவ்வளவோ மேல். குழந்தைகளுக்கும் பிடிக்கும். தோட்டத்துப் பக்கம் போய், வெடி வைத்ததில் பிளந்து பாதி உடல் அகழியில் சரிந்து கிடக்கும் கோபுரத்தையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மன் கவிஞர் கெதே 1779இல் அதை வரைந்திருக்கிறார்.

ஹைடல்பெர்க்கின் குறை, கூட்டம். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் கடைத்தெருவான ஹௌப்ட்ஷ்ட்ராஸேயில் நடப்பது, நடப்பதாகவே இருக்காது, தள்ளப்படுவதாக இருக்கும். நான் முதல்முறை போனபோது நான்கு மணி நேரத்தில் கோட்டை, பாலம், தேவாலயம் எல்லாவற்றையும் முடித்துத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், முன்னால் போனவர்களின் முதுகுகள்தான் நினைவில் இருந்தன. அடுத்த முறை வரிசையை மாற்றினேன். காலை எட்டு மணிக்கு 1788ஆம் ஆண்டுப் பழைய பாலத்தைக் கடந்து, எதிர்க்கரையில் பாம்பு வழி என்ற செங்குத்துப் பாதையில் ஏறித் தத்துவஞானிகள் பாதைக்குப் போனேன். கீழே நெக்கர் ஆறு, ஊரின் கூரைகள், அவற்றுக்குமேல் காலை வெயில் படும் சிவப்புக் கோட்டை. கோட்டையின் உள்ளே நிற்கும்போது கிடைக்காத காட்சி அது. நேரம் மிகக் குறைவு என்றால் கோட்டைக்குள் போவதைக்கூட விட்டுவிடலாம், இந்தப் பாதையை விடக்கூடாது என்பேன்.

இந்த ஊரோடு தமிழுக்கு உண்மையான ஓர் உறவும் உண்டு. 1386இல் தொடங்கிய ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1962இல் நிறுவிய தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். தமிழ் படித்த ஜெர்மானியர் ஒருவரை அந்த ஊர்த் தெருவில் சந்தித்தால் வியப்படைய வேண்டாம்.

இனி ரைன். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மைன்ஸ் போய், அங்கே இடது கரையில் ஓடும் உள்ளூர் ரயிலைப் பிடிக்கவேண்டும். சங்க்ட் கோவாருக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ரயில் போகும் திசையில் வலதுபுற ஜன்னலோரம் உட்காருங்கள். பிங்கன் தாண்டியதும் ஆறு மலைகளுக்கிடையே நெருக்குண்டு வளையத் தொடங்கும். இரண்டு கரைகளிலும் கோட்டை மாற்றிக் கோட்டை. பிங்கன் பக்கமிருந்து கோப்லென்ஸ் வரையான 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே ரைனின் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை. அக்கரை போகப் படகுதான். திட்டமிடும்போது பலர் கோட்டைவிடும் செய்தி இது. வரைபடத்தில் ஐந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குப் போக, படகு நின்றுவிட்ட பிறகு வழியே கிடையாது.

சங்க்ட் கோவாருக்கு மேலே இருக்கும் ரைன்ஃபெல்ஸ், என்னைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தில் சிறந்த பாழ்க்கோட்டை. ஹைடல்பெர்க்கில் நீங்கள் பார்வையாளர். இங்கே உள்ளே நுழைந்து அலையலாம். காட்ஸனெல்ன்போகன் என்ற பெயர்கொண்ட சிற்றரசர் குலம் 1245இல் இதைக் கட்டத் தொடங்கியது. நோக்கம் எளிமையானது: கீழே போகும் ஒவ்வொரு கப்பலிடமும் சுங்கம் வாங்குவது. பத்தாண்டுகளுக்குள் சுங்கச்சுமை தாங்காத ரைன் நகரங்கள் கூட்டணி சேர்ந்து ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. 1692இல் லூயியின் பெரும்படை வந்தது. சுற்றியிருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்திருந்த நேரம். ரைன்ஃபெல்ஸ் பணியவில்லை. இவ்வளவு உறுதியாக நின்ற கோட்டை 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்தது. வென்றவர்கள் சில ஆண்டுகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய கல்லில் ஒரு பகுதி, கோப்லென்ஸில் ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டை கட்டுவதற்குப் போயிற்று.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு உள்ளே நடப்பது தனி அனுபவம். எதிரி நிற்கக்கூடிய நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பக் காத்திருந்த வழிகள் உண்டு. சில இடங்களில் முதுகை வளைத்து, இருட்டில் கையால் சுவரைத் தடவிக்கொண்டுதான் போகவேண்டும். கைவிளக்கு அவசியம், கைபேசி வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள். எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரையான பிள்ளைகள் உங்களோடு இருந்தால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது. அவர்கள் ரைன்ஃபெல்ஸை விட்டு வரமாட்டார்கள். கடிகாரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து எதிர்க்கரையில் 'பூனை'க் கோட்டை தெரியும், சற்றுத் தள்ளி 'எலி'க் கோட்டையும். பூனை என்பது காட்ஸனெல்ன்போகன் என்ற குலப்பெயரின் சுருக்கம். அந்தக் குலத்துக்குப் போட்டியாக ட்ரியர் பேராயர் கட்டியதை மக்கள் எலி ஆக்கிவிட்டார்கள்.

புறப்படும் முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் 2029இல் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி நடக்க இருக்கிறது. ரைன்ஃபெல்ஸில் சீரமைப்பு வேலைகள் நடக்கும் காலங்களில் சில பகுதிகளை மூடிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்களும் குறைவு. அன்றைய நிலையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். சுரங்க வழிகள் மூடியிருந்தால் ரைன்ஃபெல்ஸின் கவர்ச்சியில் பாதி போய்விடும். அப்போது என் பரிந்துரையும் மாறும்.

சங்க்ட் கோவார் ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளமான ஒரு தெரு, நினைவுப்பொருள் கடைகள். அதனால்தான் தங்குவதற்குப் பாஹராஹ் என்கிறேன். ரயிலில் கால்மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாஹராஹில் ஊர் மதில் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. 1368ஆம் ஆண்டு மரச்சட்ட வீடு ஒன்று தெருமுனையில் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. மேலே உள்ள ஷ்டாலெக் கோட்டை 1689இல் தகர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் திரும்ப எழும்பியது. இப்போது அது இளைஞர் விடுதி. குடும்பங்களும் தங்கலாம், செலவும் குறைவு. கோட்டையில் தூங்கிக் காலையில் ரைனைப் பார்த்து எழுவது என்பது அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தால் இங்கே முயன்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும் இருபது நிமிடம் மட்டும் கடினம். சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப் பை.

ஏறும் வழியில் கூரையில்லாத ஒரு கோதிக் தேவாலயம் இருக்கிறது. வெர்னர் சிற்றாலயம். உயர்ந்து மெலிந்த கல் ஜன்னல்கள், உள்ளே வெறும் வானம். இதைவிட அழகான இடிபாட்டை நான் ரைன் கரையில் பார்த்ததில்லை. அந்த அழகின் அடியில் இருப்பது என்னவென்று தெரியாமல் படமெடுத்துக்கொண்டு போவது தவறு. 1287இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்து கிடந்தான். யூதர்கள் பலி கொடுத்துவிட்டார்கள் என்ற பொய்யைப் பரப்பி, ஆற்றங்கரை ஊர்களில் யூதர்களைக் கொன்றார்கள். அந்தச் சிறுவனைத் தியாகியாக்கி எழுப்பிய ஆலயம் இது. அவனுக்கான வழிபாட்டை ட்ரியர் மறைமாவட்டம் 1963இல்தான் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. யூதர்களிடம் மன்னிப்புக் கேட்கும் பிரார்த்தனை ஒன்றைப் பலகையில் பொறித்து அங்கே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

ரைனின் குறை சத்தம். இரண்டு கரைகளிலும் ரயில்பாதை; சரக்கு ரயில்கள் இரவெல்லாம் போகும், பள்ளத்தாக்கு அந்த ஓசையைத் திருப்பித் திருப்பி அனுப்பும். லேசான தூக்கம் உள்ளவர்கள் ஆற்றைப் பார்த்த அறை கேட்காதீர்கள். மலைப்பக்க அறை கேளுங்கள்.

அந்தச் சத்தமே இல்லாத இடம் பெர்ன்காஸ்டல்-கூஸ். காரணம், அங்கே இப்போது ரயிலே இல்லை. விட்லிஷ் நிலையத்தில் இறங்கிப் பஸ்ஸில் போகவேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு நாள் பயணத்துக்கு இந்த ஊரைச் சொல்பவர் பஸ் நேரத்தைப் பார்க்காதவர். தங்கினால்தான் இதன் அருமை தெரியும். மோசல், ரைன் போல வேகமான ஆறு அன்று. ஐம்பதுகளின் இறுதியிலிருந்து கட்டிய தடுப்பணைகளால் ஏரிபோல் நிற்கிறது. கரையிலிருந்து எழும் செங்குத்துச் சரிவு முழுவதும் கரும்பலகைக் கல், அதில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். அவற்றுக்கு நடுவே அரைமணி நேரம் நடந்தால் லான்ட்ஸ்ஹூட் கோட்டை. 1692இல் எரிந்ததிலிருந்து பாழாகவே இருக்கிறது. அண்மைச் சீரமைப்பின்போது அடியில் ரோமானியர் காலத்துக் கோட்டையின் சுவர்கள் கிடைத்தன. உண்மையைச் சொன்னால், கோட்டை என்ற அளவில் மூன்றில் இதுதான் சிறியது. அரைமணியில் பார்த்துவிடலாம். ஆறு வளைவதைப் பார்த்து உட்காருவதற்குத்தான் மேலே போவது.

இந்த ஊருக்கு என்னை இழுப்பது அக்கரையில், கூஸ் பக்கம் இருக்கிறது. 1401இல் அங்கே பிறந்த நிக்கோலாஸ் என்ற படகுக்காரர் மகன் கர்தினாலாகவும் பெரும் தத்துவஞானியாகவும் உயர்ந்தார். சொந்த ஊரில் ஓர் முதியோர் இல்லத்தை 1458இல் நிறுவினார். ஏசுவின் வயதை எண்ணி 33 ஆண்களுக்கு இடம். போர்களும் புரட்சியும் வந்துபோன பிறகும் அது இன்றும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. சொந்தத் திராட்சைத் தோட்டமும் அதற்கு உண்டு. அவர் சேர்த்த கையெழுத்துச் சுவடிகள் அங்குள்ள நூலகத்தில் இருக்கின்றன. அவர் உடல் ரோமில். இதயத்தை மட்டும் அந்தச் சிற்றாலயத்தில் புதைத்தார்கள். கோட்டைகள் எரிந்த அதே மண்ணில் ஒரு முதியோர் இல்லம் ஐந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. எனக்கு இது லான்ட்ஸ்ஹூட்டைவிடப் பெரிய வரலாறு.

வேறு இரண்டு ஊர்களை நண்பர்கள் சொல்வார்கள். கோஹெம்: படத்தில் அள்ளும். ஆனால் மேலே இருப்பது பாழ்க்கோட்டையன்று; பெர்லின் வணிகர் ஒருவர் 1868 முதல் 1877 வரை தன் ரசனைப்படி திரும்பக் கட்டியது. டேஹியோவின் வாதம் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க விரும்பினால் போகலாம். வெர்த்தைம்: டௌபர் ஆறு மைனில் கலக்கும் இடம், சிவப்புக்கல் இடிபாடு, கூட்டமில்லை. ஹைடல்பெர்க்கை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு ஓர் அமைதியான அரைநாள்.

சாப்பாடு எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சைவர்களுக்கு மெல்லிய ரொட்டிமீது வெங்காயமும் பாலேடும் பரப்பிச் சுட்ட ஃபிளம்குகன் கிடைக்கும். பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இல்லாமல் வேண்டும் என்று, 'ஓனே ஷ்பெக்' என்று சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் அதோடுதான் வரும். இலையுதிர்காலத்து வெங்காயப் பலகாரத்துக்கும் இதே எச்சரிக்கை. பருவத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் மார்ச் வரை வருகிறவர்கள் ஹைடல்பெர்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரைனில் பயணப் படகுகள் பெரும்பாலும் ஓடாது, சிற்றூர்களில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் நடுவரை என்றால் ரைன். அதிலும் திராட்சை இலைகள் மஞ்சளாகும் அக்டோபர் தொடக்கம்.

ரைனைத் தேர்ந்தெடுத்தால் இப்படிச் செய்யுங்கள். காலை ரயிலில் பாஹராஹில் இறங்கிப் பையை விடுதியில் வைத்துவிடுங்கள். அங்கிருந்து சங்க்ட் கோவாருக்கு ரயிலில் போகவேண்டாம், படகில் போங்கள். ஆற்றின் போக்கிலேயே போவதால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். வழியில் ஆற்று நடுவே தீவில் கப்பல்போல் நிற்கும் ஃபால்ஸ் சுங்கக் கோட்டை வரும், பிறகு ஓபர்வேஸல் ஊரின் கோபுரங்கள், பிறகு ஆறு மிகக் குறுகும் இடத்தில் 132 மீட்டர் உயர லோரலை பாறை. அந்தப் பாறையைப் பற்றிக் கவிஞர் ஹைனே 1824இல் எழுதிய பாட்டைப் படகில் ஒலிபரப்புவார்கள். சுற்றியிருக்கும் ஜெர்மன் முதியவர்கள் மெல்ல உடன் பாடுவார்கள். மதியம் முழுவதும் ரைன்ஃபெல்ஸுக்கு. இருட்டும் முன் ரயிலில் பாஹராஹ் திரும்பினால், பகலில் வந்த பஸ்களெல்லாம் போயிருக்கும். மறுநாள் காலை சிற்றுண்டிக்கு முன்பே திராட்சைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் போஸ்டன் கோபுரத்துக்கு ஏறிவிடுங்கள். படிகள் குறுகல், கட்டணம் இல்லை. பனி விலகும்போது முதலில் சிற்றாலயத்தின் ஜன்னல்கள் தெரியும், பிறகு கூரைகள், கடைசியாக ஆறு.